வின்சென்ட் நினைவுக் கோப்பை

ஏறுங்க சார், ஏறுங்க. ஸ்டேடியம்தானே? நீங்க வாயத் தொறக்கவே வேணாம், டி-ஷர்ட்டப் பாத்தாலே தெரிதே. பஸ்ஸு எல்லாரையும் ஏத்திக்கினு அப்பவே பூட்ச்சு, நீங்க மட்டும் இன்னா பின்னாடி? ஓ, பைய மறந்துட்டு திரும்பி வந்தீங்களா. இன்னா கீது பையில? டேப்பா? கால்ல இறுக்கி சுத்துவாங்களே, அந்த டேப்பா? சரி, மடியில கெட்டியா வெச்சுக்குங்க. மீட்டர் போடல சார். போடவும் மாட்டேன். நம்ம வூட்டு மனுஷங்ககிட்ட எவனாவது துட்டு கேப்பானா?

இன்னாடா இவன் வூடு கீடுன்றானேன்னு முழிக்கறீங்க. சொல்றேன், சொல்றேன். மொதல்ல இந்த நுங்கம்பாக்கம் சந்துலருந்து வெளிய வந்துடலாம். டேய்! எங்கடா பாத்து வண்டிய வலிக்கிற? கண்ணு முதுகுலயா கீது? கஸ்மாலம்! நீங்க பயப்படாதீங்க சார், நான் வண்டி ஓட்டிக்கினேதான் பேசுவேன், பேசிக்கினேதான் ஓட்டுவேன். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி உங்கள கொண்டுபோய் கேட்டாண்ட எறக்கிவுட்டுடறேன். அது என் பொறுப்பு.

காலைலருந்து உங்க ஓட்டல் வாசல்லதான் நிக்கறேன். சவாரி வந்துச்சு, போகல. சென்ட்ரல் வர்றியான்னான் ஒருத்தன், நான் இன்னிக்கு வர்ல போய்யான்னுட்டேன். வேற வேல இருந்துச்சு எனக்கு. உங்க பசங்க பஸ்ஸுல ஏறும்போது பாத்துக்கினேதான் இருந்தேன். அந்த நாலாம் நம்பர் ஏறினான் பாருங்க, உசரமா, முடிய ஒட்ட வெட்டிக்கினு, அவன் படியில கால வெச்சுட்டு ஒரு தபா திரும்பினான். நான் இந்தாண்டருந்து கூப்ட்டேன். காதுல அந்தப் பாட்டு கேக்கற மிஷின மாட்டிக்கினு இருந்தான், அதான் கேட்டிருக்காது.

நீங்க டீம்ல இன்னா சார்? கோச்சா? பிசியோவா? அப்டின்னா இன்னா வேல? ஓ, கால் கை நீவி வுட்டு, கட்டு கட்டி, ஆட வெக்கிறவரு. அட கர்த்தரே! அப்ப நான் யார ஏத்தணும்னு நின்னுக்கினு இருந்தேனோ அவரையேதான் ஏத்திக்கினு வரேன். இந்த டேப்பு யாருக்கு சார்? நாலாம் நம்பர் முட்டிக்குதானே? பாத்தீங்களா, எனக்குத் தெரியும்.

அவன் என் அக்கா புள்ள சார். சைலஸ். நான் தாய்மாமன். ஏசுதாஸ்னு பேரு, வியாசர்பாடில தாஸுன்னு கேட்டா சின்னக் கொழந்தகூட வூட்ட காட்டும். என்னப் பத்தி சொல்லியிருப்பானே? சொன்னதில்லையா? ஒரு வார்த்தகூடவா? இல்ல, அவன் அப்டித்தான் சார். சின்ன வயசுலருந்தே அவனுக்கு வாயில கொழுக்கட்ட. நாம நாலு வார்த்த கேட்டா அவன் தலைய ஆட்டுவான். மனசுல எல்லாம் இருக்கும், வெளிய வராது. அவங்க அப்பனும் அப்டித்தான்.

அவங்க அப்பன் வின்சென்ட்டு. ஹார்பர்ல வேல. வேல முடிஞ்சு வந்தா நேரா கிரவுண்டு. பேக்குல, கோலுக்கு முன்னாடி காவலுக்கு நின்னான்னா ஒரு பய தாண்ட முடியாது. சோக்கா ஆடுவான். மஞ்சக்காமால வந்துச்சு, நாட்டு மருந்து, அந்த மருந்து, இந்த மருந்துன்னு குடுத்தோம், பூட்டான். சைலஸு அப்ப ஒண்ணாங்கிளாஸோ ரெண்டாங்கிளாஸோ. எங்க அக்கா எமிலி, பாவம், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்கப் போவும். அப்பால புள்ளைய யாரு பாப்பா? நான்தான். எனக்குக் கல்யாணம் ஆவல சார். ஆவலன்னா, பண்ணிக்கல. இந்தப் புள்ளைய இட்னு கிரவுண்டுக்குப் போறதுக்கே எனக்குப் பொழுது சரியா பூட்ச்சு.

வின்சென்ட்டு பேர்ல ஒரு கப்பு ஆரம்பிச்சதும் நான்தான். வின்சென்ட் நினைவுக் கோப்பை. வருஷா வருஷம். ஏழு ஏழு பேரா ஆடற ஆட்டம், செவன்ஸு. சொம்மா சொல்லக் கூடாது, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டைன்னு டீமு வந்து குவியும். செயலாளர் யாரு? ஐயாதான். மைக்கு புடிக்கறது யாரு? ஐயாதான்.

ஆனா ஒண்ணு சார், நான் அந்தப் புள்ளைய பார்வர்டு ஆக்கணும்னுதான் நெனச்சேன். கோல் போட்டாத்தானே சார் மாலை? பின்னாடி நிக்கறவன் பேர எவன் ஞாபகம் வெச்சுக்கறான்? அவன் தப்பு பண்ணாத்தான் அவன் பேரே வெளிய வரும். நல்லா ஆடினா ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். சொன்னேன். கேட்டானா? "மாமா, எனக்குப் பின்னாடிதான் புடிச்சிருக்கு. அங்கருந்து எல்லாம் தெரிது"ன்னான். அவன் வாய்லருந்து வந்த ரொம்பப் பெரிய பேச்சே அதான்.

இன்னொண்ணு சொல்றேன், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவன் படுக்க மாட்டான். கவனிச்சீங்களா? மத்தவனுங்கல்லாம் சர்ருன்னு தரையில சறுக்கிக்கினு போயி பந்த எடுப்பானுங்க, பாக்க ஜோரா இருக்கும், ஜனம் விசில் அடிக்கும். இவன் நிப்பான். எதிராளி கூடவே, பக்கத்துலயே, ஒரு அடி வுட்டு ஓடுவான். எதிராளி எப்ப பந்த கொஞ்சம் நீட்டித் தள்றானோ, அப்ப இவன் லபக்குன்னு எடுத்துக்கினு வந்துடுவான். ஷார்ட்ஸுல மண்ணே ஒட்டாது சார். எங்க அக்காவுக்குத் தொவைக்கற வேலையே கெடையாது. நான் திட்டுவேன், "ஏன்டா, விழுந்து எடுத்தா இன்னா, கொறஞ்சா போயிடுவ?"ன்னு. "படுத்துட்டா எழுந்திரிக்கறதுக்குள்ள ஆளு பூட்ருவான் மாமா"ன்னுவான். இப்பவும் அப்டித்தான் ஆடறானா? ஆங்? ஆமாவா? பாத்தீங்களா!

இந்த சேத்துப்பட்டு சிக்னல் போட்டான்னா விடிய விடிய சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க. தண்ணி வோணுமா? நல்ல தண்ணிதான், கேனுலருந்து புடிச்சது.

அப்பால பெரிய கிளப்புக்காரன் வந்து புடிச்சுக்கினான். வெளியூரு. பேரு எதுக்கு, உங்களுக்கே தெரியும், இதுக்கு முன்னாடி ஆடினானே அந்தக் கிளப்பு. வெள்ளக்காரக் கோச்சு. சைலஸ் டிவில வரான் சார்! எங்க தெருவுல ஸ்கிரீன் கட்டிப் பாத்தோம். பொம்பளைங்கல்லாம் அழுவுது. எங்க அக்கா மட்டும் அழுவாம குந்திக்கினு, "அவன் சாப்ட்டானா இல்லையான்னு தெரியலயே, மூஞ்சி வாடியிருக்கே"ன்னுது. நான் அன்னிக்கு இன்னா நெனச்சேன் தெரியுமா? வின்சென்ட்டு, பாத்துக்கடா, உன் புள்ளைய நான் எங்க கொண்டாந்து வுட்டுக்கிறேன் பாத்துக்கடான்னு நெனச்சேன். பொய் சொல்லல சார், கர்த்தர் சாட்சியா.

ரெண்டாவது வருஷம் இன்னா ஆச்சு, முட்டில லேசா வலின்னான். ஒண்ணும் பெரிசா இல்ல. வீட்ல போயி ரெஸ்ட் எடு, ஓடாத, குதிக்காதன்னு கிளப்புல சொல்லி அனுப்பிட்டாங்க. வந்தான். அவன் வந்த நேரம் பாருங்க, கரெக்டா நம்ம கப்பு நடக்குது. இத்த இன்னான்னு சொல்லுவீங்க? தெய்வமா பாத்து அனுப்பினதுதானே? நான் அவன் வரான்னு கேள்விப்பட்ட அன்னிக்கே பேனர் அடிச்சுட்டேன். பிளெக்ஸு. வின்சென்ட் ஒரு பக்கம், சைலஸ் ஒரு பக்கம், நடுவுல கப்பு, கீழ கைய கட்டிக்கினு நானு. "தந்தைக்காகக் களம் இறங்கும் தனயன்." மூலக்கடைலருந்து எங்க ஏரியா வரைக்கும் கட்டிட்டோம்.

அவன்கிட்ட கேட்டியான்னு நீங்க கேக்கலாம். கேக்கறதுக்கு இன்னா சார் கீது? அப்பன் பேர்ல கப்பு, மாமன் நடத்தறான், புள்ள ஆட மாட்டானா? வந்தான், பேனரப் பாத்தான், அப்டியே நின்னுட்டான். "மாமா, நான் கான்ட்ராக்ட்ல கீறேன். வேற எங்கயும் ஆடக் கூடாது. தெரிஞ்சா என்ன அனுப்பிடுவாங்க. முட்டி வேற..." அப்டின்னான். அன்னிக்கும் பெரிய பேச்சுதான் பேசினான். நான் சொன்னேன், "இன்னாடா, பெரிய ஆளாயிட்டியா? உங்க அப்பன் காய்ச்சலோட ஆடினவன்டா. பத்து நிமிஷம் எறங்கு. பைனல் மட்டும். புளியந்தோப்புக்காரன் நம்மள வருஷா வருஷம் அடிச்சுட்டுப் போறான், அவன் முன்னாடி நான் எப்டித் தல காட்டறது?"ன்னேன். தலையக் குனிஞ்சுக்கினான். அக்கா குறுக்க வந்து, "டேய் தாஸு, வுட்ருடா அவன"ன்னுச்சு. பொம்பளைக்கு இன்னா தெரியும் ஏரியா மரியாத? நான் வின்சென்ட்டு போட்டோவ செவுத்துலருந்து எறக்கி அவன் கையில குடுத்தேன். குடுத்துட்டு, நீயே சொல்லு உங்க அப்பன்கிட்ட, ஆட மாட்டேன்னு சொல்லுன்னேன்.

அவன் போட்டோவ வாங்கி திரும்ப ஆணில மாட்டிட்டு, "எந்த நம்பர் மாமா?"ன்னான்.

நான் ஒண்ணும் வெவரம் இல்லாதவன் இல்ல சார். லிஸ்ட்ல சைலஸ்னு போடல. சுரேஷ்னு போட்டேன். பேனர்லயும் அவன் பேரு மேல வெள்ளப் பேப்பர ஒட்டச் சொல்லிட்டேன். மூஞ்சி இருந்துச்சுதான். மூஞ்சிய இன்னா பண்றது, அழகா விழுந்திருந்துச்சு.

தாசப்பிரகாஷ் தாண்டிட்டோம் சார், இனிமே வண்டி பறக்கும். அந்த பைனல சொல்லியே ஆவணும் உங்களுக்கு. வைத்தியம் பாக்கறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சாத்தான் நல்லது, மறைக்கக் கூடாது.

ரெண்டாவது பாதி. நாம ஒரு கோல் மேல கீறோம். கிரவுண்டு உங்க புல்லு கிரவுண்டு மாதிரி இல்ல, கல்லு மாதிரி மண்ணு, லாரி வந்து போன தடம் வேற. சைலஸ் மெதுவாத்தான் ஆடறான். நொண்டற மாதிரி தெரிஞ்சுது. நொண்டலன்னு வெச்சுக்குங்க, அப்டி ஒரு நட. கடசி நேரம், புளியந்தோப்புக்காரன் ஒருத்தன், பொடியன், பந்த எடுத்துக்கினு பிச்சுக்கினு வரான். கோல்கீப்பர தவிர சைலஸ் மட்டும்தான். இவன் வழக்கம் போல நிக்கறான், கூடவே பின்னாடி நகர்றான், நகர்றான். கோல் போட்டான்னா சமம். மைக்கு என் கையில. கத்தினேன் சார். "படுடா! படுடா சைலஸு! படு!" மொத்த வியாசர்பாடிக்கும் கேட்டுச்சு.

படுத்துட்டான் சார்.

வாழ்க்கையில மொத தபா. அப்டியே சறுக்கிக்கினு போயி பந்த எட்டி வெளிய தள்ளினான் பாருங்க, அடடா! ஜனம் எழுந்து நிக்குது. கோல் போவல சார். போவவே இல்ல. கப்பு நம்மளுது. இவன் எழுந்திரிக்கல. கால் அந்த லாரி தடத்துல மாட்டிக்கிச்சு போல. பக்கத்துல நின்ன பசங்க ஏதோ சத்தம் கேட்டுச்சுன்னானுங்க, எனக்குக் கேக்கல, நான்தான் மைக்குல கீறேனே. ரெண்டு பேரு தோள்ல தூக்கிக்கினோம், கப்ப கையில குடுத்தோம், போட்டோ எடுத்தோம். அந்த போட்டோ இன்னும் என் போன்ல கீது. மூஞ்சி கொஞ்சம் சுளிச்ச மாதிரி இருக்கும், வெயிலு.

வீங்கிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அக்கா ஒரே அழுவாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போனா கிளப்புக்குத் தெரிஞ்சுடுமே சார்! நான் யோசிச்சேன். புள்ளையோட வேலையக் காப்பாத்தணுமா இல்லையா? திருவள்ளூர் தாண்டி ஒரு கிராமத்துல எலும்புக்குக் கட்டு கட்றவரு ஒருத்தரு கீறாரு. எனக்கு கை முறிஞ்சப்போ அவருதான் கட்டினாரு, இதோ, இந்தக் கைதான், இத்த வெச்சுத்தான் இப்ப வண்டி ஓட்டிக்கினு போறேன். அங்க இட்னு போனேன். எண்ண போட்டு மூங்கில் பத்தை வெச்சு இறுக்கிக் கட்டினாரு. புள்ள வாயில துண்ட கடிச்சுக்கினு இருந்தான். திரும்பத் திரும்ப இட்னு போயி கட்ட மாத்தினேன், என் ஆட்டோலதான். அப்பால பாத்தா டாக்டருங்க சொல்றாங்க, இது எலும்பு இல்லியாம், உள்ள ஏதோ நரம்பு மாதிரி, லிகமென்ட்டாம், அது அறுந்துச்சாம், கட்டு கட்டி நாள வீணாக்கிட்டீங்கன்றாங்க. அறுந்தது எங்களுக்கு எப்டி சார் தெரியும்? உள்ளயா பூந்து பாக்க முடியும்?

கிளப்புக்கு இன்னா சொல்றதுன்னு அவன் தவிச்சான். அதையும் நான்தான் சொல்லிக்குடுத்தேன். பைக்குல போனேன், நாயி குறுக்க வந்துச்சு, விழுந்துட்டேன்னு சொல்லுடான்னேன். சொல்ல மாட்டேன்னான். பொய் வராது அவனுக்கு. நான் உக்காத்தி வெச்சு பாடம் நடத்தற மாதிரி நடத்தினேன். "எந்த நாயின்னு கேட்டா?"ன்னான். "செவல நாயின்னு சொல்லு, காது மடிஞ்ச செவல நாயி"ன்னேன். அப்டி வெவரமா சொன்னாத்தானே சார் நம்புவான்? நம்பினானுங்க. கிளப்புலயே ஆஸ்பத்திரி பாத்து ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணானுங்க. எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு.

அப்பதான் எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் வேலையக் காட்டிட்டான். நான் இன்னா பண்ணேன்? சொம்மா, போன்ல ஒரு ஸ்டேட்டஸ் வெச்சேன். கப்போட அவன் கீறானே, அந்த போட்டோ. "மண்ணுக்காக வந்த மாவீரன், என் மருமகன்." என் ஆளுங்க பாக்கறதுக்கு வெச்சேன் சார், ஊருக்கா வெச்சேன்? அத்த எவனோ எடுத்து எவனுக்கோ அனுப்பி, அது போயி கிளப்புல நின்னுச்சு. கண்ணு சார். ஊரு கண்ணு. புள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சு. நான் அப்பவே சொன்னேன், திருஷ்டி கழிக்கணும்னு.

கூப்ட்டு கான்ட்ராக்ட கட் பண்ணிட்டான் அந்தக் கோச்சு. ஆனா அவன் ஒரு நல்ல வார்த்த சொன்னானாம், அக்கா சொல்லிச்சு. "காரணத்த நாங்க வெளிய சொல்ல மாட்டோம். நீ சின்னப் பையன். கால சரி பண்ணிக்கினு வேற எங்கனா போயி பொழச்சுக்கோ"ன்னானாம். வெள்ளக்காரனா இருந்தாலும் மனுஷன்.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்க அக்கா என்ன ஒண்ணு கேட்டுச்சு சார். உள்ள புள்ளைக்கு ஆபரேஷன் நடக்குது, நான் டீ வாங்கிக்கினு போறேன். டீய வாங்கல. "தாஸு, நீ கெட்டவன் இல்லடா. ஆனா எம்புள்ள நல்லா இருக்கணும்னா நீ அவனப் பாக்காம இருக்கணும். இருப்பியா?"ன்னுச்சு. கோவத்துல சொல்றது. பெத்த வயிறு, அப்டித்தான் பேசும். நான் மனசுல வெச்சுக்கல. ஆனா பாருங்க, அப்பறம் அவனும் என் போன எடுக்கறதில்ல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தனியா ரூம் எடுத்துக்கினு, எங்கயோ ஜிம்முல காலப் பழக்கினானாம், பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்து சாப்ட்டானாம். எல்லாம் அடுத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரிது. உங்க கிளப்புல சேந்ததும் பேப்பரப் பாத்துத்தான் தெரிது. டீக்கடையில உக்காந்து படிச்சேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. டீக்கடக்காரன், "யாரு தாஸு, தெரிஞ்ச புள்ளையா?"ன்றான். அவனுக்குப் புதுக் கட, ஏரியா தெரியாது. தெரிஞ்ச புள்ளையான்னு என்னையே கேக்கறான் சார்.

இன்னிக்குத்தான் மொத ஆட்டம்ல? கால்ல அடிபட்டப்பறம் மொத தபா ஆரம்பத்துலருந்தே எறங்கறான்னு பேப்பர்ல போட்டிருந்தான். அதுவும் சொந்த ஊர்ல. அக்காவுக்கு மட்டும் டிக்கெட் அனுப்பிக்கிறான். எனக்கு இல்ல. நீ காசு குடுத்து போயி பாரேன்னு நீங்க கேக்கலாம். போலாம். ஆனா மருமகன் கூப்டாம மாமன் போய் வாசல்ல நின்னா அது மரியாதையா சார்? ஒரு வார்த்த, "மாமா வா"ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா இந்த ஆட்டோவ அப்டியே நடு ரோட்ல போட்டுட்டு வருவேன். வேற ஒண்ணும் எனக்கு வோணாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்காம உங்க ஓட்டல் வாசல்ல நின்னேன்.

வந்துச்சு சார், பெரியமேடு. ஆட்டக்காரங்க போற கேட்டு பின்னாடி கீது, அங்கயே வுட்டுடறேன். கூட்டத்தப் பாத்தீங்களா! இதுல பாதி நம்ம வியாசர்பாடிதான். எல்லாம் அவனுக்காக வந்தது.

ஒரு நிமிஷம் சார், எறங்கிடாதீங்க. ஒரே ஒரு உதவி. இந்தா, சீட்டுக்கு அடியில வெச்சுக்கிறேன். இந்தப் பைய மட்டும் அவன்கிட்ட குடுத்துடணும். கேட்டுல நிக்கறவன் என்ன உள்ள வுட மாட்டான், உங்கள வுடுவான். ஒண்ணும் இல்ல, ஒரு ஜெர்சி, ஒரு ஷார்ட்ஸு. கூட ஒரு பாட்டில்ல கட்டு கட்றவரு குடுத்த எண்ண, நீங்களே கொஞ்சம் தேச்சு வுடுங்க.

ஜெர்சி எதுக்கா? நாளைக்கு நம்ம பைனல் சார்! வின்சென்ட்டு கப்பு! மறுபடியும் அதே புளியந்தோப்பு! நாளைக்கு உங்களுக்கு லீவுதானே, அதுக்கு மறுநாள்தானே பிளைட்டு? எல்லாம் விசாரிச்சுட்டேன். பத்து நிமிஷம் எறங்கினாப் போதும். இந்த தபா நான் உஷாரு சார். போன தபா எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பேனர்தான். அதனால இந்த தபா பேனரே அடிக்கல. ஸ்டேட்டஸும் வெக்க மாட்டேன், போனையே அணைச்சுடறேன். பேரும் சுரேஷ் இல்ல, கோபி. இன்னா சார் சொல்றீங்க, எப்டி நம்ம பிளானு?

ஏன் சார் எறங்காம அப்டியே குந்திக்கினு கீறீங்க?

இன்னா? பைக்கா?

பைக்குலருந்து விழுந்தேன்னா சொன்னான்? உங்ககிட்டயா? உங்க டாக்டருகிட்டயும் அதையேதானா? நாயி குறுக்க வந்துச்சுன்னு... செவல நாயின்னு சொன்னானா? காது மடிஞ்ச செவல நாயின்னா? அட என் ராசா!

பாத்தீங்களா சார்! நான் சொன்னேன்ல! மாமன் சொல்லிக்குடுத்தத ஒரு எழுத்து மாத்தல பாருங்க. என் பேர எங்கயும் இழுக்கல. வேற எவனா இருந்தா, எங்க மாமன்தான் சார் காரணம்னு போட்டுக் குடுத்திருப்பான். இவன் என்ன காட்டிக் குடுக்கல. மனசுல என்ன வெச்சுக்கினுதான் கீறான் சார், வெளியதான் பேசல. எனக்கு இது போதும். ஒரு வார்த்தகூட வேணாம், இது போதும் எனக்கு.

நீங்க ஏன் சார் அப்டிப் பாக்கறீங்க?

கேட்டீங்களா? சேக்கும்போதே கேட்டீங்களா? வேற எங்கனா திருட்டுத்தனமா ஆடிக்கிறியான்னு... ஆடி அடிபட்டுதான்னு... இல்லவே இல்லன்னு சொன்னானா? அத்த நம்பித்தான் எடுத்தீங்களா.

சார். சார், அந்த போன உள்ள வெய்யுங்க சார். யாருக்குப் போடறீங்க? கோச்சுக்கா? ஆட்டம் தொடங்கப் போவுது சார், இப்ப எதுக்கு அவருக்கு? ஒரு நிமிஷம். எறங்காதீங்க. இல்ல, எறங்குங்க. நான் குடுத்த அந்தப் பைய குடுங்க மொதல்ல. குடுங்கறேன்ல! அது சவாரில எவனோ வுட்டுட்டுப் போன பை.

பைக்குதான் சார். சத்தியமா பைக்குதான். நாயி வந்துச்சு, நான் கண்ணால பாத்தேன், செவல நாயி. நான் இவ்ளோ நேரம் பேசினது வேற புள்ள கத. எங்க ஏரியாவுல தெருவுக்கு நாலு சைலஸ் கீறான். அவன் வேற சைலஸு, இவன் வேற சைலஸு. நான் காலைலருந்து ஒண்ணும் துன்னல சார், பித்தம் தலைக்கேறிக்கிச்சு, வாயில வந்ததெல்லாம் ஒளறிட்டேன். ஆட்டோக்காரன் பேச்சப் போயி யாராவது நம்புவாங்களா? சும்மா பீலா வுட்டேன். பேப்பர்ல பேரப் பாத்தேன், என் மருமகன்னு அடிச்சு வுட்டேன். அவ்ளோதான். தாய்மாமனாவது ஒண்ணாவது. எனக்கு அக்காவே கெடையாது சார். நான் ஒத்தப் புள்ள.

உங்க கால்ல விழறேன் சார். துட்டு வேணாம், போங்க. டேப்ப எடுத்துக்கினு ஓடுங்க. உள்ள ஒருத்தன் முட்டிய நீட்டிக்கினு உங்களுக்காகக் குந்திக்கினு இருப்பான். கட்டி வுடுங்க, ஆடட்டும். எவனோ ஒரு புள்ள. எனக்குத் தெரியாது.